சோழமண்டலக் கடலில் இரு தளபதிகள்

சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் மனத்தில் தோன்றும் காட்சிகள் பல. ஓரிடத்தில் டச்சுக்காரர் கட்டிவிட்டுப் போன கோட்டையின் இடிபாடு. ஓரிடத்தில் காரோணர் கோயில். ஓரிடத்தில் கோணேசர் மலை. ஆனால் மேனாட்டில் கடற்படைச் சரித்திரம் கற்போருக்கு இவை நான்கும் யுத்தங்களின் பெயர்கள். அமெரிக்க ஆசிரியராகிய மஹான் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரசித்தமான நூலில் இந்த யுத்தங்களை விவரிப்பதற்கென்றே நீண்டதோர் அத்தியாயத்தை ஒதுக்கினார். நம் கரையோரத்தில், நம் மீனவர்கள் கரையில் நின்று புகையைப் பார்த்திருக்கக்கூடிய தூரத்தில் நடந்த இந்தப் போர்களைப்பற்றி நம் பாடப்புத்தகங்களில் இரண்டு வரிக்கு மேல் காண்பது அரிது. ஆகவே அவற்றைச் சற்று விரிவாகவே எடுத்துக் கூற விரும்புகிறோம்.

1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை, பதினாறு மாத காலத்தில், ஒரே இரண்டு தளபதிகள் ஐந்து முறை ஒருவரையொருவர் எதிர்த்தனர். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் சுப்ரேன். ஆங்கிலப் படைக்குத் தலைவர் ஸர் எட்வர்டு ஹியூஸ். இந்த ஐந்து போர்களிலும் இரு தரப்பிலும் ஒரு பெரிய போர்க்கப்பலாவது எதிரி வசமாகவில்லை. ஒன்றாவது பீரங்கி அடியால் மூழ்கவுமில்லை. அப்படியிருந்தும் பிரெஞ்சுக்காரர் சுப்ரேனைத் தங்கள் கடற்படைத் தலைவர்களுள் முதல் வரிசையில் வைத்துக் கொண்டாடுகின்றனர். ஒரு கப்பலையும் பிடிக்காதவருக்கு இந்தக் கீர்த்தி எவ்வாறு வந்தது? அக்கீர்த்தி முழுவதும் அவருக்கு உரியதுதானா? இவ்விரண்டையுமே நாம் ஆராயப் போகிறோம்.

முதலில் சந்தர்ப்பத்தை நினைவுபடுத்திக்கொள்வது நலம். அமெரிக்கக் குடியேற்றங்கள் சுதந்திரப் பிரகடனம் செய்து இங்கிலாந்துடன் போராடிக்கொண்டிருந்த காலம் அது. பிரான்சு அமெரிக்கா பக்கம் நின்று இங்கிலாந்துடன் யுத்தம் செய்துகொண்டிருந்தது; பின்னர் ஹாலந்தின்மேலும் இங்கிலாந்து யுத்தம் தொடுத்திருந்தது. இங்கே 1780-ஆம் ஆண்டில் மைசூர் ஹைதர் அலி பெருஞ்சேனையுடன் மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தில் இறங்கி, சென்னைக் கும்பினியாரைத் திணற அடித்தார். தரையில் ஹைதருக்கு நிகரில்லை. கடலில்தான் அவர் கை ஓங்கவில்லை. ஆங்கிலேயரை எத்தனை முறை தோற்கடித்தாலும் கடலை வற்றச்செய்ய நம்மால் ஆகாதே என்று அவர் மனம் நொந்து கூறியதாக ஒரு வார்த்தை வழங்கி வருகிறது. அவர் அதைச் சொல்லியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நிலைமை அதுவே. மேற்குக் கரையில் அவர் சொந்தமாகக் கப்பல்களைக் கட்டுவித்து வைத்திருந்தார். அந்தக் கப்பல்களை 1780 டிசம்பரில் மங்களூர்த் துறையிலே புகுந்து அழித்தவர் இதே ஹியூஸ்தான். தமக்கென்று இருந்த கடற்படையை இழந்தபின் ஹைதருக்கு வேறு வழியில்லை. பிரெஞ்சுக் கப்பல்களின் வருகையை எதிர்பார்த்திருக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு செய்தியை நேயர்கள் மறவாமல் மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

சுப்ரேன் தென் பிரான்சில் புரொவான்ஸ் நாட்டில் 1729-இல் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே கடற்படையிற் சேர்ந்து, இரண்டு முறை ஆங்கிலேயரிடம் கைதியானவர். இந்தியாவுக்கு வரும்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. பருத்த சரீரம், கட்டுக்கடங்காத போஜனப் பிரியம், உடையைப்பற்றிய கவனமோ கிடையாது. அவரிடம் சிறைப்பட்டு நல்ல முறையில் நடத்தப்பட்ட வில்லியம் ஹிக்கி என்னும் ஆங்கில வக்கீல், அவரைப் பார்த்தால் தளபதியாகவே தோன்றவில்லை, கசாப்புக் கடைக்காரரைப் போல் இருந்தார் என்ற கருத்துப்பட எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தச் சரீரத்திற்குள் இருந்த மனம் ஒரு நிமிஷமும் சும்மா இருக்க அறியாதது. 1781 ஏப்ரலில், பிரான்சிலிருந்து வரும் வழியில், போர்த்துகேசியருக்குச் சொந்தமான போர்ட்டோ பிரயா துறையில் ஓர் ஆங்கிலப் படை நங்கூரம் பாய்ச்சி நிற்பதைக் கண்டார். அது நன்னம்பிக்கை முனையைக் கைப்பற்றப் போகும் படை. கண்ட அக்கணமே தம் ஐந்து கப்பல்களுடன் துறைக்குள் பாய்ந்தார். தாக்குதல் ஒழுங்காக நடக்கவில்லை. பின்வந்த கப்பல்கள் சரியாகத் துணை நிற்கவில்லை. ஆனாலும் ஆங்கிலப் படை தாமதப்பட்டது. சுப்ரேன் முந்திச் சென்று முனையைக் காத்தார். அவருடைய பிற்காலத்து வெற்றியும் வேதனையும் இந்த முதல் சம்பவத்திலேயே அடங்கியிருக்கின்றன.

ஹியூஸ் இதற்கு நேர்மாறானவர். அறுபது வயதைத் தாண்டியவர், நிதானஸ்தர், புதிய யுக்தி எதையும் கண்டுபிடித்தவரல்லர், கைக்கு வந்ததை விடாதவர். 1781 நவம்பரில் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தையும், 1782 ஜனவரியில் திருகோணமலையையும் பறித்துக்கொள்ள உதவினார். கும்பினி நாட்டில் பெரும் பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர் என்பதும் பிரசித்தம். அவரை மந்தபுத்தியுள்ளவர் என்று சித்திரிப்பது சில ஆசிரியர்களின் வழக்கம். அதை நாம் ஒப்பவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்விருவரும் போர் புரிந்த கடலின் இயல்பை அறியாமல் இந்தச் சரித்திரம் விளங்காது. பாய்க்கப்பலுக்குக் காற்றே உயிர். ஆனால் சண்டை முடிந்தபின் அதற்கு வேண்டியது துறைமுகம். முறிந்த பாய்மரத்தை மாற்ற வேண்டும்; பருமல்களைப் புதுப்பிக்க வேண்டும்; நீர்மட்டத்தின்கீழ்ப் பட்ட ஓட்டையை அடைக்கக் கப்பலை ஒருபுறம் சாய்க்க வேண்டும்; தண்ணீர்ப் பீப்பாய்களை நிரப்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் அலையடிக்காத நீர்நிலை அவசியம். சோழமண்டலக் கரையிலோ, கிருஷ்ணா முகத்துவாரம் முதல் கோடிக்கரை வரையில் பெரிய கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறை ஒன்றுகூட இல்லை. சென்னையில் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; ஆட்களும் சாமான்களும் மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். அந்தப் படகை வெள்ளைக்கார மாலுமி ஓட்ட முடியாது. நம் கரையார் கையிலேதான் ஓடும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்துவிட்டால் அதுவும் இல்லை. நங்கூரம் அறுந்து கப்பல் கரையில் மோதும். அந்தக் காலத்தில் கிழக்குக் கரைக்கு வந்த எந்தப் படையும் மழைக்காலத்தில் பம்பாய்க்கோ மொரீஷியஸுக்கோ போய்விடும். இதற்கு ஒரே விலக்குத் திருகோணமலை. மலைகள் சூழ, எந்தக் காற்றுக்கும் அசையாமல், ஒரு பெரும்படை முழுவதும் தங்கக்கூடிய துறை அது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் இந்தக் கடலில் ஆண்டு முழுவதும் இருக்கலாம். சுப்ரேன் வந்து சேர்ந்தபோது அது ஹியூஸின் கையில் இருந்தது. சுப்ரேனுடைய ஆயுதசாலையோ 2,000 மைலுக்கு அப்பால் மொரீஷியஸில் இருந்தது.

1782 பிப்ரவரி 9-இல் பிரெஞ்சுப் படையின் தலைவரான தோர்வ் நோயால் இறந்துவிடவே, தலைமை சுப்ரேனுக்கு வந்தது. ஒரு வாரத்திற்குள் அவர் சென்னைக்கு எதிரில் தோன்றினார். ஹியூஸின் ஒன்பது கப்பல்களும் கோட்டைப் பீரங்கிகளின் நிழலில் நின்றன. தாக்குவதற்குத் தக்க சமயமன்று என்று கண்டு சுப்ரேன் தெற்கே திரும்ப, ஹியூஸ் துணிந்து பின்தொடர்ந்து சில சரக்குக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டார். மறுநாள், பிப்ரவரி 17-ஆம் தேதி, சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் முதற்போர் நடந்தது.

இங்கே அக்காலத்துப் போர்முறையைச் சுருக்கமாகக் கூற வேண்டும். பீரங்கிகள் கப்பலின் இரு விலாப்புறங்களிலும் இருந்தன. ஆகையால் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் சென்று, எதிர் வரிசைக்கு இணையாக நின்று சுடுவது மரபு. ஒன்றுக்கு ஒன்று என்று நின்று மாலை வரை அடித்துக்கொண்டு, பாய்மரங்கள் முறிந்து, ஆட்கள் மடிந்து, இரு படைகளும் பிரிந்து போகும், முடிவு ஏற்படாது. சுப்ரேனுக்கு இது பிடிக்கவில்லை. எதிரி வரிசையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதன் இரு பக்கங்களிலும் தம் கப்பல்களை நிறுத்தி நசுக்கிவிட வேண்டும். மீதிக் கப்பல்கள் காற்றை எதிர்த்துத் திரும்பி உதவிக்கு வருமுன் காரியம் முடிந்துவிடும். இதுவே அவர் யுக்தி. சதுரங்கப்பட்டினத்தில் அவர் ஹியூஸின் பின்னணிக் கப்பல்கள் ஐந்தின்மேல் இவ்வாறு விழுந்தார். தம் பின்னணியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும்படி இரண்டாந் தலைவரான துரொம்லேனுக்குக் கொடி காட்டினார். துரொம்லேன் வரவில்லை; தூரத்திலிருந்தே சுட்டுக்கொண்டிருந்தார். சொல்லப்போனால் ஓரிரு கப்பல்களே மறுபக்கம் சென்றன. ஹியூஸின் கொடிக்கப்பலாகிய சூபர்ப் நைந்தது. அதன் தலைவர் மடிந்தார். எக்ஸிட்டர் என்னும் கப்பல் கிட்டத்தட்ட அழிந்த நிலையில் தப்பியது. இருள் சூழ்ந்தது. வெற்றி கைக்கு எட்டிய தூரத்தில் நின்றுவிட்டது.

சுப்ரேன் பரங்கிப்பேட்டையில் துருப்புகளை இறக்கி ஹைதருடன் தொடர்பு கொண்டார்; ஏப்ரலில் கடலூர் ஆங்கிலேயர் கையைவிட்டு நீங்கியது. ஏப்ரல் 12-ஆம் தேதி இலங்கையின் கிழக்குக் கரையோரம் பிராவிடியன் என்னும் பாறைத்தீவுக்கு அருகில் இரண்டாம் போர். ஹியூஸ் கரையோடு ஒட்டிக்கொண்டு போனதால் பின்னால் தரையும் முன்னால் எதிரியுமாக அகப்பட்டார். இரு தரப்பிலும் நூறு பேருக்கு மேல் மடிந்தனர். ஆங்கிலேயரின் மான்மத் என்னும் கப்பல் இரு பாய்மரங்களையும் இழந்தும் பணியவில்லை. மழையும் புயலும் வந்து போரை நிறுத்த, இரு படைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பல நாள் நங்கூரத்திலேயே கிடந்தன. இருவருக்கும் மறுபடி தொடங்கும் சக்தியில்லை.

மூன்றாவது போர் ஜூலை 6-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரில், பதினொன்றுக்குப் பதினொன்று. போர் மும்முரமாக இருக்கையில் காற்றுத் திடீரென்று திசை மாறி இரு வரிசைகளையும் குலைத்தது. அந்தக் குழப்பத்தில் செவேர் என்னும் பிரெஞ்சுக் கப்பல் தனியே அகப்பட, அதன் தலைவரான சில்லார் கொடியை இறக்கும்படி உத்தரவிட்டார். கொடியும் இறங்கியது. ஆனால் கீழேயிருந்த அதிகாரிகளும் பீரங்கிக்காரர்களும் சரணாகதிக்கு இணங்கவில்லை, தொடர்ந்து சுட்டனர், கொடி மறுபடி ஏறியது. மறுநாள் ஹியூஸ், ஸுல்தான் என்னும் கப்பலின் தலைவரான வாட் என்பவரைச் சமாதானக் கொடியுடன் அனுப்பி, சரணடைந்த கப்பலைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டார். கொடிக்கயிறு குண்டுபட்டு அறுந்ததே தவிர யாரும் இறக்கவில்லை என்று சுப்ரேன் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். சில்லாரையும் வேறு சிலரையும் பதவியினின்று நீக்கி மொரீஷியஸுக்கு அனுப்பினார். அன்றைய சண்டையில் பிரெஞ்சுக்காரரில் 178 பேர் இறந்தனர். ஆங்கிலேயரில் 77 பேர். எண்ணிக்கையைப் பார்த்தால் தோல்வி சுப்ரேனுடையது.

இதற்குப் பின் நடந்ததே நம் கருத்தில் அவருடைய பெருமைக்கெல்லாம் சிகரம். துறைமுகமில்லை, மரமில்லை, கயிறில்லை, பணமுமில்லை. கடலூரில் திறந்த கடலில் நின்றுகொண்டே படையைச் செப்பனிட்டார். சிறிய கப்பல்களின் பாய்மரங்களைப் பிடுங்கிப் பெரியவற்றுக்கு வைத்தார். சிறியவற்றுக்கு அவற்றினும் சிறியவற்றிலிருந்து எடுத்தார். கடலூரில் வீடுகளைப் பிரித்து மரம் எடுத்தார். (வீட்டுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பிரெஞ்சு ஆசிரியர்கள் எழுதவில்லை. நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.) அதே நாட்களில் ஹைதர் அலி தம் சேனையுடன் கடலூர்ப் பக்கம் வந்து ஜூலை 26-ஆம் தேதி அவரைத் தர்பாரில் வரவேற்றார். தரையில் சப்பணமிட்டு உட்கார முடியாமல் அந்தப் பருத்த தளபதி தவிப்பதைக் கண்ட ஹைதர், சம்பிரதாயத்தை ஒதுக்கிவிட்டுத் திண்டுகளைக் கொணர்வித்து அவர் சௌகரியப்படி அமரச்செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இருவரும் காரியவாதிகள், ஒருவரையொருவர் உடனே புரிந்துகொண்டனர். ஆகஸ்டு 1-ஆம் தேதி சுப்ரேன் கடலில் இருந்தார். சென்னையில் சகல வசதிகளும் பெற்ற ஹியூஸ் புறப்பட்டது ஆகஸ்டு 20-ஆம் தேதி.

அந்த இருபது நாள் வித்தியாசத்தின் விலை திருகோணமலை. ஆகஸ்டு 25-ஆம் தேதி சுப்ரேன் அந்தத் துறையை அடைந்தார். மறுநாள் படையை இறக்கினார். மாதம் முடிவதற்குள் இரு கோட்டைகளும் அவர் வசமாயின. ஹியூஸ் செப்டம்பர் 2-ஆம் தேதி வந்து பார்க்கும்போது கோட்டையின்மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

இவ்வளவில் நின்றிருந்தால் குறையொன்றும் இல்லை. துறை கிடைத்துவிட்டது, இனி ஏன் போர் என்று தலைவர்கள் கூறினர். எதிரிக்குப் பன்னிரண்டு, நமக்குப் பதினான்கு. விட்டுவிடுவது எப்படி என்று சுப்ரேன் வெளியே வந்தார். செப்டம்பர் 3-ஆம் தேதி பிற்பகல், கப்பல்கள் ஒழுங்காக வரிசை சேருமுன்பே, தம் கொடி உத்தரவுக்குக் கவனத்தை இழுக்க அவர் ஒரு பீரங்கியை வெடிக்கச் செய்தார். அதைச் சண்டை ஆரம்பத்துக்கு அடையாளம் என்று அவர் கப்பல்காரர்களே தவறாக எண்ணிச் சுட, படை முழுவதும் தூரத்திலிருந்தே சுடத் தொடங்கியது. சுப்ரேனின் ஏரோ என்னும் கப்பலும், துணையாக வந்த இல்லுஸ்த்ர், அஜாக்ஸ் என்னும் இரண்டும் ஆங்கில வரிசையின் நடுவில் தனியே அகப்பட்டு மணிக்கணக்காக அடி வாங்கின. ஏரோவின் நடுப் பாய்மரம் சாய்ந்தது. அதனுடன் கொடியும் வீழ்ந்தது. தாம் சரணடைந்துவிட்டதாக எதிரி எண்ணிவிடக்கூடாதே என்று, கப்பலைச் சுற்றிலும் வெள்ளைக் கொடிகளைக் கட்டுங்கள் என அவர் கூவினார். வெள்ளை அப்போது பிரெஞ்சு அரசரின் கொடி நிறம் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மாலையில் காற்று மாறி அவரைக் காத்தது. ஆங்கிலேயர் தரப்பில் அன்று மூன்று கப்பற்றலைவர்கள் மடிந்தனர். அவர்களுள் ஒருவர், செவேர் கப்பலைக் கேட்டு வந்த அதே வாட். திரும்பித் துறைக்குள் நுழைகையில் ஓரியான் என்னும் பிரெஞ்சுக் கப்பல் பாறையில் ஏறி நாசமாயிற்று. ஐந்து போர்களில் ஆங்கிலேயரால் செய்ய முடியாததை ஒரு பாறை செய்தது.

அதன்பின் துரொம்லேன் உட்பட நான்கு தலைவர்கள் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டனர். சுப்ரேன் தம் மந்திரிக்கு மிகக் கசப்பான கடிதம் எழுதினார். அன்று முதல் பிரெஞ்சு ஆசிரியர்கள் ஒரே பல்லவியைப் பாடி வருகின்றனர்: மகா மேதையான தளபதிக்குக் கோழைகளும் பொறாமைக்காரர்களும் தலைவர்களாக வாய்த்தார்கள் என்பது. இதில் உண்மையில்லாமல் இல்லை. சில்லார் செய்ததற்குச் சமாதானம் கிடையாது. துரொம்லேன் மூன்று முறை ஒரே விதமாகத் தூரத்தில் நின்றதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் வேறொன்றைக் கேட்கிறோம். சுப்ரேன் தம் யுக்தியைத் தம் தலைவர்களுக்கு எப்போதாவது முன்கூட்டி உட்காரவைத்து விளக்கினாரா? பரம்பரையாக ஒரே வரிசையில் நின்று பழகியவர்களை, புகையின் நடுவே ஒரு கொடியைக் காட்டிப் புது வித்தை செய் என்றால் எத்தனை பேருக்கு விளங்கும்? விளங்காதவர்களை அவர் ஏளனமாகப் பேசினார், பேசப்பட்டவர்கள் ஒதுங்கினார்கள், ஒதுங்கியவர்களைத் துரோகிகள் என்றார். திட்டம் அவர் தலைக்குள் இருந்தது. படையோ வெளியே இருந்தது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1798-இல், நைல் நதி முகத்துவாரத்தில் ஆங்கிலத் தளபதி நெல்ஸன் செய்தது இதே காரியம்தான்: எதிரி வரிசையின் ஒரு பகுதியை இருபுறமும் நெருக்கி நசுக்குவது. அங்கே அது முழு வெற்றி பெற்றது. வழியெல்லாம் நெல்ஸன் தம் தலைவர்களைத் தம் கப்பலுக்கு அழைத்து, இப்படி நேர்ந்தால் இது, அப்படி நேர்ந்தால் அது என்று பேசிப் பேசித் தம் எண்ணத்தை அவர்கள் எண்ணமாக ஆக்கியிருந்தார். போர் நாளன்று எதிரியின் மறுபக்கத்திற்கு முதலில் புகுந்தவர் போலி என்னும் தலைவர். உத்தரவுக்குக் காத்திராமல் தாமே தீர்மானித்துப் புகுந்தார். சதுரங்கப்பட்டினத்தில் சுப்ரேனுக்கு வேண்டியிருந்தது இப்படிப்பட்ட ஒருவர். அப்படிப்பட்டவர்களைத் தளபதியே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் துணிபு.

இங்கேதான் ஹியூஸுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவருக்குப் புது யுக்தி கிடையாது. ஆனால் அவர் தலைவர்கள் ஐந்து போர்களிலும் வரிசையைவிட்டு ஒதுங்கவில்லை. தலைவர் மடிந்தால் அடுத்தவர் அந்த இடத்தில் நின்றார். சுப்ரேனைப் போன்ற எதிரி கூடுதல் கப்பல்களுடன் மூன்று முறை மேலே விழுந்தும் ஒரு கப்பலையும் இழக்காதவரை மந்தர் என்று தள்ளிவிட முடியுமா?

சுப்ரேன்மேல் ஆங்கிலேயர் சுமத்திய பெரிய குற்றம் கைதிகளைப் பற்றியது. தம்மிடம் இருந்த ஆங்கிலக் கைதிகளை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் ஹியூஸிடம் கேட்டார், ஹியூஸ் அதைச் சென்னைக் கவர்னர் மக்கார்ட்டினியிடம் தள்ளினார், காரியம் நடக்கவில்லை. உணவும் இடமும் இல்லாத சுப்ரேன் அவர்களை ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். மைசூர்ச் சிறைகளில் அவர்கள் பட்ட துன்பம் ஆங்கில நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மாற்றிக்கொள்ள மறுத்தவர்களின் பொறுப்பைப்பற்றி அந்த நூல்கள் அவ்வளவு விரிவாகப் பேசுவதில்லை.

அந்த நூல்களிலே இடம் குறைவாகப் பெற்ற மற்றொரு துன்பம் நம் ஜனங்களுடையது. 1780 முதல் சேனைகள் மிதித்த கர்நாடகத்தில் பயிரில்லை. சென்னைப் பட்டணம் வங்காளத்திலிருந்து கடல் வழியாக வரும் அரிசியையே நம்பியிருந்தது. சுப்ரேனின் கப்பல்கள் அந்த அரிசிக் கப்பல்களையும் வழிமறித்தன. பஞ்சத்தில் ஜனங்கள் வீதிகளில் விழுந்தனர். 1782 அக்டோபரில் பருவம் மாறும் சமயம் வர, ஹியூஸ் பம்பாய்க்குப் போகத் தீர்மானித்தார். போகவேண்டாம், கரை பாதுகாப்பில்லாமல் போகும் என்று மக்கார்ட்டினி மன்றாடினார். அக்டோபர் 15-ஆம் தேதி இரவு புயல் அடித்தது. ஹியூஸின் கப்பல்கள் நங்கூரத்தைவிட்டுக் கடலில் ஓடின. சென்னைக்கு எதிரில் நின்ற அரிசிப் படகுகள் பல கரையில் மோதி நொறுங்கின. பட்டினி கிடந்தவர்களின் கண்முன்னே அரிசி கடலில் கலந்தது. இரு தளபதிகளில் யாருடைய கீர்த்தியைப் பேசும்போதும் அந்த இரவைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது முறையன்று.

சுப்ரேன் அந்த மழைக்காலத்தைச் சுமத்திராத் தீவின் அச்சின் துறையில் கழித்தார். ஹியூஸ் பம்பாயை அடைந்தார். பம்பாயில் கும்பினிக்குச் சொந்தமான உலர்துறை இருந்தது. அதை நடத்தியவர்கள் மானெக்ஜி, பொம்மன்ஜி என்னும் பார்ஸி சகோதரர்கள். வாடியா குடும்பத்தின் மூல புருஷராகிய லௌஜியின் வாரிசுகள். நைந்துபோன ஆங்கிலக் கப்பல்கள் மறுபடி கடலுக்கு வந்தது அவர்களுடைய ஆட்களின் கைத்திறத்தால். ஹைதரிடம் இருந்த கப்பல்கள் மங்களூரில் எரிந்து சாம்பலாயின. ஆங்கிலேயரின் கப்பல்கள் பம்பாயில் நம்மவர் கையால் உயிர்பெற்றன.

1783 ஜனவரியில் கிழக்குக் கரைக்குத் திரும்பிய சுப்ரேனுக்குக் கிடைத்த முதற்செய்தி, டிசம்பர் 7-இல் ஹைதர் காலமானார் என்பது. மார்ச்சில் முதிய தளபதி புஸ்ஸி துருப்புகளுடன் வந்து சேர்ந்தார். ஜூனில் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் கடலூரில் அவரை முற்றுகையிட, ஹியூஸ் பதினெட்டுக் கப்பல்களுடன் கடல்வாயை அடைத்தார். பதினைந்து கப்பல்களுடன் சுப்ரேன் திருகோணமலையிலிருந்து வந்தார். ஆட்கள் போதவில்லை, புஸ்ஸியின் சேனையிலிருந்து சிப்பாய்கள் உட்பட 1,200 பேரைப் பீரங்கிகளுக்கு எடுத்துக்கொண்டார். ஜூன் 20-ஆம் தேதி ஐந்தாம் போர். தலைமைத் தளபதி வரிசைக்கு வெளியே சிறிய கப்பலில் இருக்க வேண்டும் என்று அரசரின் புது உத்தரவு வந்திருந்ததால், சுப்ரேன் அதன்படி நின்று நடத்தினார். மூன்று கப்பல் குறைவாயிருந்தும் அவர் பின்வாங்கவில்லை. இரு தரப்பிலும் ஏறக்குறைய நூறு நூறு பேர் மடிந்தனர். ஆனால் ஹியூஸின் கப்பல்களில் தண்ணீர் குறைந்தது. ஸ்கர்வி நோய் பரவியது. அவர் சென்னைக்குத் திரும்ப, ஸ்டூவர்ட்டின் சேனை கடல் உதவியின்றி நின்றது. கடலூர் பிழைத்தது.

ஒன்பது நாட்களுக்குப் பின், சமாதானக் கொடியுடன் சென்னையிலிருந்து ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20-ஆம் தேதியே பூர்வாங்க உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டதாம். கடலூரில் மடிந்த இருநூறு பேரும் சமாதான காலத்தில் மடிந்தவர்கள்.

சமாதானம் வந்தவுடன் பிரெஞ்சுக்காரர் ஹைதரின் குமாரர் திப்புவைத் தனியே விட்டு விலகினர். மங்களூர் முற்றுகையில் அவருடன் இருந்த பிரெஞ்சுத் துருப்புகள் ஆயுதத்தைக் கீழே வைத்தன. திப்பு 1784 மார்ச்சில் தாமே உடன்படிக்கை செய்துகொண்டார். புதுச்சேரி பிரான்சுக்கும், திருகோணமலை டச்சுக்காரருக்கும் திரும்பின; நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கியது. ஊர்களுக்கு உரியவர்களை யாரும் கேட்கவில்லை.

சுப்ரேன் ஊர் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, அங்கே வந்திருந்த ஹியூஸின் கப்பற்றலைவர்கள் அவர் கப்பலுக்குச் சென்று மரியாதை செய்தனர். பிரான்சில் அவருக்கென்றே ஒரு வைஸ் அட்மிரல் பதவி புதிதாக உண்டாக்கப்பட்டது. 1788-இல் அவர் இறந்ததும் அதுவும் இல்லாமற்போயிற்று. 2020-இல் பிரெஞ்சுக் கடற்படை பெற்ற அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்கும் அவர் பெயரையே வைத்திருக்கின்றனர். ஹியூஸ் 1794-இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையை மறுபடி பிடித்தனர். 1957 வரை அவர்களுடைய கடற்படை அங்கே இருந்தது. 1817-இல் பம்பாய் உலர்துறையில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் ஆங்கிலக் கடற்படைக்கு ஒரு கப்பலைக் கட்டி மிதக்க விட்டனர். அதற்கு இட்ட பெயர் திருகோணமலை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அந்தக் கப்பல் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது.